செயின் போட்ட கடிகாரம்

நான் வாங்கிய முதல் சுவிஸ் கைக்கடிகாரத்தை எங்கள் தொழிற்சாலைப் பட்டறையில் இரும்புக் கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து நொறுக்கினேன். இரண்டாவது கடிகாரம் எங்கள் ஃபிட்டரின் வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது. மூன்றாவது ஒன்றை நான் வாங்கவில்லை. கடிகாரம் சேகரிப்பவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருக்கும் தகுதி இவ்வளவுதான். ஆனாலும் கையைக் கடிக்காத விலையில் நல்ல சுவிஸ் கடிகாரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் விடாமல் பேசுவேன். அந்த அளவுக்குப் படித்துத் தொலைத்திருக்கிறேன்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் டீ மேக்கராக இருந்தேன். டீ மேக்கர் என்றால் டீ போட்டுக் கொடுப்பவன் இல்லை. பச்சைத் தேயிலை தொழிற்சாலைக்குள் நுழைவதிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறும் வரை அத்தனைக்கும் பொறுப்பு அவன்தான். அந்தப் பொறுப்பு எனக்குத் தலைக்கேறியிருந்தது. எனக்கு வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும். இலையை அளவுக்கு மேல் வாடவிட்டவனை அறைந்திருக்கிறேன். இலை உலர்த்தும் அடுப்புக்காரன் மேல் சூடான டீயை டம்ளரோடு வீசியிருக்கிறேன். அறைந்த பிறகு வருத்தப்பட்டேனா என்று கேட்டால், அப்போதெல்லாம் இல்லை. வேலை நடந்தது, அது போதும் என்று இருந்தேன்.

அரைத்த இலை புளித்து நிறம் மாறக் காத்திருக்கும் நேரத்தில் ஆபீஸ் அறையில் செல்போன் பார்ப்பேன். அப்படித்தான் இந்தப் பித்துப் பிடித்தது. தாடி வைத்த ஒருவர் கடிகாரங்களின் முதுகைத் திறந்து உள்ளே ஓடும் பல்சக்கரங்களைக் காட்டுவார். பேட்டரி கிடையாது. கை ஆடுவதிலேயே சுருள்வில் இறுகி ஓடுமாம். பத்து வருடம் இரைச்சலுக்குள் நின்றவனுக்கு, சத்தமே போடாமல் வேலை செய்யும் அந்த மெஷின் மேல் ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. இணையத்தில் வடக்கே ஏதோ ஊரிலிருந்து ஒருவன் விற்ற பழைய சுவிஸ் கடிகாரத்தை வாங்கினேன். ஐம்பது வருடப் பழசு, ஆனால் முகம் புத்தம் புதுசாகப் பளபளத்தது. கையில் கட்டிக்கொண்டு இரண்டு நாள் ஊரெல்லாம் காட்டினேன். மூன்றாம் நாள் தாடிக்காரரின் வேறொரு வீடியோவில்தான் தெரிந்தது, பழைய கடிகாரத்தின் டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து விற்கும் கூட்டமே இருக்கிறது என்று. என்னுடையதில் எழுத்துகள் கோணலாக இருந்தன. விற்றவனைப் போனில் பிடித்துக் கத்தினேன். அவன் இந்தியில் சிரித்துவிட்டு வைத்துவிட்டான். பட்டறைக்குப் போனேன், சுத்தியலை எடுத்தேன். மூன்று அடியில் கண்ணாடி தூளானது, ஏழெட்டு அடியில் எல்லாமே தகடானது.

ஃபிட்டர் அங்கே பேரிங் கழுவிக்கொண்டிருந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். அந்தக் காலத்தில் அவரை 'நீ' என்றும் 'ஏப்பா' என்றும்தான் கூப்பிடுவேன். இப்போது எழுதும்போது கை அப்படி எழுத மறுக்கிறது. நான் நொறுக்கி முடித்ததும் அவர் எழுந்து வந்து, துண்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். தகடாகிப்போன பல்சக்கரம் ஒன்றை நகத்தால் நிமிர்த்தினார்.

"ஏனுங்க, பெயின்ட் அடிச்சது மூஞ்சிக்கு மட்டுந்தானுங்க. உள்ள இருந்ததெல்லாம் ஒரிஜினலுங்க. உசுரு நல்லாத்தான் இருந்திருக்குது, நீங்கதான் கொன்னுபோட்டீங்க" என்றார்.

அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். ஒரு பட்டன் தெறித்து விழுந்தது. அவர் கையை ஓங்கவில்லை, கண்ணையும் தாழ்த்தவில்லை. "கடியாரம் வேணும்னா நல்லதா ஒண்ணு வாங்கலாமுங்க, நானும் கூட வர்றேன்" என்றார். கோபம் அப்படியே வடிந்துபோனது. அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் இந்தப் பேச்சுதான். எட்டு மாதம் பேசினோம். என் வாழ்க்கையில் ஒரு ஆளோடு அடிக்காமல் திட்டாமல் அதிகம் பேசியது அந்த எட்டு மாதத்தில்தான். அவர் மேல் எனக்குப் பிரியம் இருந்தது. அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

முதலில் பழசு வேண்டாம் என்று முடிவு செய்தோம். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவன் பழசில் கை வைத்தால் ஏமாறத்தான் செய்வான். விலை முப்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது. டயலில் ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்தில் 'சுவிஸ் மேட்' என்று இருக்க வேண்டும். வெறுமனே சுவிஸ் மெஷின் என்று பெட்டியில் போட்டிருப்பது கணக்கில் வராது. கண்ணாடி கீறல் விழாத சஃபையராக இருக்க வேண்டும். அந்த விலைக்கு பேட்டரி கடிகாரம் என்றால் பெரிய கம்பெனியிலேயே கிடைக்கும், தானாக ஓடுவது என்றால் கொஞ்சம் சிறிய கம்பெனிக்குத்தான் போக வேண்டும். நான் தானாக ஓடுவதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். தடிமனாக இருந்தால் சட்டைக் கைக்குள் போகாது, பெரிய வட்டமாக இருந்தால் என் ஒல்லி மணிக்கட்டில் தட்டு மாதிரி நிற்கும் என்று ஃபிட்டர் காகிதத்தில் வட்டம் வெட்டி என் கையில் வைத்துப் பார்த்தார். இதில் எல்லாம் ஒத்துப்போனோம். ஒன்றில் மட்டும் முட்டிக்கொண்டது. தோல் வாரா, ஸ்டீல் செயினா?

"தோல் வாரே எடுத்துருங்க. எசகுபிசகா எங்கியாச்சும் மாட்டுனா அறுந்துக்கும். செயின் அறுகாதுங்க, கையத்தான் இழுத்துட்டுப் போகும்" என்றார் அவர்.

"நம்ம ஊரு ஈரத்துல தோல் நிக்குமாய்யா? ஆடி மாசம் வந்தா ஊட்டுக்குள்ள செருப்பே பூசணம் பூக்குது. ஒரே மழைக்கு நாறிப்போயிரும்."

"அப்பச் செயினே வாங்குங்க. மெஷின் பக்கம் போறப்பக் கழட்டி வெச்சுருங்க."

"நான் என்ன லேபரா?" என்றேன்.

அரைக்கும் அறையின் வாசலில் ஒரு போர்டு உண்டு. மோதிரம், வளையல், கடிகாரம், கயிறு எதுவும் உள்ளே போகக் கூடாது, கழற்றித் தகரத் தட்டில் வைக்க வேண்டும். அந்த போர்டை எழுதி மாட்டச் சொன்னதே நான்தான். அது எனக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கோயம்புத்தூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்ஸில் போனோம். கடைக்காரப் பையன் என் செருப்பைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே விலை குறைந்த அலமாரிப் பக்கம் கூட்டிப்போனான். "நான் கேட்டதக் காட்டுடா" என்று கண்ணாடி மேஜையில் ஓங்கி அடித்தேன். செக்யூரிட்டி ஓடி வந்தார். ஃபிட்டர்தான் இரண்டு பேரையும் சமாதானம் செய்து உட்கார வைத்தார். கறுப்பு டயல், வெள்ளி முள், பின்பக்கம் கண்ணாடி வழியே மெஷின் தெரிந்தது. செயினின் பூட்டை மட்டும் ஃபிட்டர் பத்து முறையாவது திறந்து மூடியிருப்பார். இரண்டு பக்கமும் இரண்டு பொடிப் பட்டன்கள் இருந்தன, இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் திறக்கும். "தானாக் கழண்டு விழவே விழாது சார்" என்றான் கடைப் பையன். எனக்கு அதுதான் பிடித்தது. வாரண்டி அட்டையில் முத்திரை விழுந்ததும் கையிலேயே மாட்டிக்கொண்டு திரும்பினேன். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும் வரை இருவரும் மாறி மாறி அதையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

அந்த மாதமே வடக்கிலிருந்து புதிதாக வந்த தொழிலாளி ஒருவன், மணிக்கட்டில் சிவப்புக் கயிற்றோடு அரைக்கும் மெஷின் பக்கம் நின்றான். கோயில் கயிறு போலிருக்கிறது, கழற்ற மாட்டேன் என்று தலையை ஆட்டினான். கையை முறுக்கிப் பிடித்து, சாக்கு அறுக்கும் கத்தியால் கயிற்றை அறுத்தேன். தோலும் சேர்ந்து கிழிந்து ரத்தம் வந்தது. அவன் ரத்தத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த செயினைப் பார்த்தான். அப்படிப் பார்த்ததற்காக ஒரு அறை விட்டேன்.

இலை அரைபடும் இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல் வைத்த இரண்டு உருளைகளுக்கு நடுவே இலை கிழிபட்டு, கீழே ஓடும் பெல்ட்டில் விழும். பெல்ட் அதை அடுத்த உருளைக்குக் கொண்டுபோகும். பெல்ட்டின் இரண்டு முனைகளையும் இரும்புக் கிளிப்புகளால் சேர்த்துத் தைத்திருப்பார்கள். போகும் வழியில் பெல்ட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்துப் பார்ப்பது டீ மேக்கர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். வாசனையிலேயே பதம் தெரிந்துவிடும். ஆயிரம் முறை அள்ளியிருக்கிறேன்.

விபத்து நடந்த அன்று மதியம் மூன்று மணி இருக்கும். அள்ளினேன். கிளிப் ஒன்று செயினின் கண்ணிக்குள் நுழைந்துகொண்டது. இழுத்தேன், வரவில்லை. பெல்ட் மெதுவாகத்தான் ஓடும், ஆனால் அது நிற்காது. முழங்கை மெஷினின் தகட்டில் இடித்தது. செயின் மணிக்கட்டு எலும்பில் ஏறித் தோலை உரித்துக்கொண்டு போனது. ஒரு முழம் தள்ளி பெல்ட் திரும்பும் உருளை இருந்தது, அதற்கும் அப்பால் பல் வைத்த உருளைகள். கத்தினேன். அந்த இரைச்சலில் என் கத்தல் எனக்கே கேட்கவில்லை.

ஃபிட்டர் பக்கத்து மெஷினுக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். சுவிட்ச் போர்டு பத்தடி தள்ளிச் சுவரில் இருந்தது. அவர் சுவிட்சைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். சுவிட்ச் பக்கம் போகவில்லை. பாய்ந்து வந்து இடது கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பெல்ட்டோடு சேர்த்து உள்ளே விட்டார். இரண்டு விரல்கள் பட்டன்களைத் தேடுவதை என் தோலில் உணர்ந்தேன். பூட்டு திறந்தது. என் கை பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. அவருடைய கை வரவில்லை. பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவே அது போகும் சத்தம் மட்டும், அவ்வளவு இரைச்சலிலும், எனக்குக் கேட்டது.

நான்தான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். திரும்பி ஓடி வந்தேன். அவர் கையை உருவிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்தில் ரத்தம் பீறிட்டு, பச்சைத் தூளில் விழுந்து கறுத்தது. கடிகாரம் பெல்ட்டின் அடியில் கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, விநாடி முள் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற ஆட்கள் மெஷினைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் நான் அதைக் கழற்றி பேன்ட் பையில் போட்டேன். அதன் பிறகுதான் அவர் கையைத் துண்டால் கட்டினேன். இதை நான் செய்தேன். எத்தனை முறை யோசித்தாலும் வேறு யாரும் செய்ததாக ஆக மாட்டேனென்கிறது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். தொழிலாளர்கள் இன்றைக்கும் அவரைத் துரை என்றுதான் சொல்வார்கள். டைப் செய்த காகிதம் ஒன்று தயாராக இருந்தது. ஃபிட்டர் விதியை மீறி, மெஷினை நிறுத்தாமல், ஓடும் பெல்ட்டைத் துடைக்கக் கை விட்டார் என்று அதில் இருந்தது. நான் ஆஸ்பத்திரியில் பதற்றத்தில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அதையே அவர் காகிதமாக்கியிருந்தார்.

"நீங்கள் நேரில் பார்த்தவர். கையெழுத்துப் போடுங்கள். அவன் தப்பு என்றால் கம்பெனிக்குச் செலவில்லை. இல்லையென்றால் யார் தப்பு என்று தேட வேண்டியிருக்கும்" என்றார். பேசும்போது என் மணிக்கட்டில் இருந்த மருந்துக்கட்டைத்தான் பார்த்தார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மேஜையில் அடித்திருக்க வேண்டும். கயிறு கட்டியவனை அறையத் தெரிந்த கை, துரைக்கு முன்னால் அடக்க ஒடுக்கமாகப் பேனாவை எடுத்தது. நான் கோபக்காரன் என்று நாற்பத்தேழு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். என் கோபம் ஒரு தடவைகூட எனக்கு மேலே இருப்பவன் பக்கம் போனதில்லை என்று அந்த அறையில் தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது வாரம் ஆபீஸ் கிளார்க் சொன்னார், ஃபிட்டருக்கு நஷ்டஈடு இல்லை என்று கடிதம் தயாராகிறது, வேலையும் சந்தேகம்தான் என்று. இரண்டு விரல் இல்லாத ஃபிட்டரை வேறு எந்தத் தொழிற்சாலை எடுக்கும்? ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குடியிருந்த தொழிலாளர் லைன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார், 'வாங்க' என்று சொல்லவில்லை. ஃபிட்டர் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சோறு அள்ளிக்கொண்டிருந்தார். பாதி தட்டுக்கு வெளியே சிந்தியது.

"காகிதத்துல நான் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன். "நீ ஓடற பெல்ட்டத் தொடச்சேன்னு எழுதியிருக்காங்க. நான் பாத்தேன்னு போட்டிருக்குது."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியுமுங்க. கிளார்க்கு சொல்லிட்டாரு. நான் அதையக் கேக்குலீங்க." நிறுத்தி மூச்சு வாங்கினார். "மொதல்ல வாட்சத்தானுங்க எடுத்தீங்க. அப்புறந்தான் என் கையப் பாத்தீங்க. கீழ உக்காந்துக்கிட்டு நான் பாத்துக்கிட்டே இருந்தனுங்க."

"வாட்ச் அங்க கெடந்தா..." என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"டேய்!" என்றார். பதினோரு வருடத்தில் முதல் முறை. அடுத்த நொடி அவருடைய வலது கை, கட்டோடு, என் வாயில் விழுந்தது. பல் உதட்டைக் கிழித்தது. கதவு நிலையில் தலை மோதி உட்கார்ந்தேன். ஆனால் அலறியது அவர்தான். கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து துடித்தார். தையல் பிரிந்து வெள்ளைக் கட்டு சிவப்பாகிக்கொண்டே வந்தது. அப்படியும் எழுந்து வந்து என்னை உதைத்தார். இடுப்பில் ஒன்று, விலாவில் ஒன்று. அவர் மனைவி குறுக்கே விழுந்து தடுக்கும் வரை உதைத்தார். நான் கையைத் தூக்கவில்லை. வீரத்தால் இல்லை, தூக்க எனக்குத் தோன்றவே இல்லை.

எஸ்டேட் ஜீப்பை எடுத்து நானே ஓட்டினேன். வேறு யாரும் அப்போது கிடைக்கவில்லை. பக்கத்தில் அவர் கையைத் தூக்கிப் பிடித்தபடி, வளைவுக்கு வளைவு என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே வந்தார். என் வாயிலிருந்து ஸ்டியரிங்கில் ரத்தம் சொட்டியது. ஒரு வளைவில் காட்டெருமை ஒன்று ரோட்டின் நடுவே நின்றது. அது நகரும் வரை ஜீப்பை நிறுத்தி உட்கார்ந்திருந்தோம். அந்த இரண்டு நிமிடம் மட்டும் அவர் திட்டவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அதைவிட அவர் திட்டியதே தாங்கும்படி இருந்தது.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அடிதடியா? அப்ப ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல எழுதணும். போலீசுக்குப் போகும். யார் யாரை அடிச்சது?" என்று ரிஜிஸ்டரை எடுத்தார்.

ஃபிட்டரின் முகம் வெளுத்தது. கை போய், காசும் இல்லை என்றாகி, இப்போது கேஸும் அவர் தலையில் விழப்போகிறது.

"என்னைய அடிச்சாருங்க. புகார் எதுவும் இல்லீங்க. அடிக்க வேண்டிய ஆளைத்தான் அடிச்சாரு" என்றேன்.

டாக்டர் பழைய சீட்டைப் புரட்டினார். "விரல் போனது ஓடற மெஷினைத் துடைக்கும்போதுன்னு இதுல இருக்கு."

"அது நான் சொன்ன பொய்யிங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சொல்லத் தொடங்கினேன். செயின் போட்ட கடிகாரத்தோடு மெஷின் பக்கம் போனதை, அது மாட்டியதை, சுவிட்ச் வரை போய் வந்தால் என் கை மிஞ்சியிருக்காது என்று ஃபிட்டர் தன் கையை உள்ளே விட்டதை, கடிகாரத்தை ஒளித்ததை, கையெழுத்தை. உதடு வீங்கியிருந்ததால் பாதி வார்த்தை குழறியது. அந்த ஏட்டின் நகலை வைத்துத்தான் பிறகு அவருக்கு நஷ்டஈடு வந்தது, என் வேலை போனது. அப்போது அதையெல்லாம் நினைக்கவில்லை, சொல்லி முடித்தால் போதும் என்று மட்டும் இருந்தது. வரிசையில் காத்திருந்தவர்கள் கேட்பதற்காக நெருங்கி வந்து நின்றார்கள்.

டாக்டர் எழுதப் பேனாவைத் திறந்தார். பக்கத்து ஸ்டூலில் இருந்த ஃபிட்டர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"பாதி கேக்குலீங்க. இன்னொருக்காச் சொல்லுங்க, சத்தமா" என்றார்.

எழுந்து நின்று, முதலிலிருந்து சொன்னேன்.